மிக்சர் கடித்த வீடுகள்

மூடிப்போன பஞ்சாலையை இடித்துவிட்டுக் கோவைக்கு வெளியே கட்டிய மயில்தோகை அபார்ட்மெண்டில், மூன்றாம் மாடியில் ஒரு நாய் பூட்டிய வீட்டுக்குள் தேமேயென்று படுத்திருக்க, அதன் கடி மட்டும் எழுந்து, கதவைத் தாண்டி, படியிறங்கி, வீடு வீடாகப் போகத் தொடங்கியது ஒரு மார்கழி மாதத்தில். முதலில் இரண்டாம் மாடியில் ஒரு சாப்பாட்டு நாற்காலியின் கால் கடிபட்டது. அப்புறம் அதற்கு எதிர்வீட்டில் குளியலறைக் கதவின் கீழ்விளிம்பு, அப்புறம் தரைத்தளத்தில் ஒரு விளக்குமாற்றின் பிடி. யாரும் நாயைப் பார்க்கவில்லை, குரைப்பைக் கேட்கவில்லை. கேமராவில் காலியான மாடிப்படியும் காற்றுக்கு ஆடுகிற ஒரு மணிபிளாண்டும்தான் பதிவாகியிருந்தன. ஆனால் கடித்த இடம் ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தவர்கள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்கள்.

நாயின் பெயர் மிக்சர். அதன் ரத்தத்தில் எத்தனை ஜாதி கலந்திருக்கிறது என்று அதைத் தெருவிலிருந்து தூக்கிவந்த தமயந்திக்கே தெரியாததால் வைத்த பெயர். தமயந்தி பல் டாக்டர். நாற்பதைத் தாண்டியவள். ஒரு கல்யாணம் நடந்து, அது கோர்ட்டில் முடிந்து, இனிமேல் மனிதர்களின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், மனதுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டவள். காலையில் ஸ்கூட்டரில் கிளினிக்குக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள்.

அதற்கு முந்தின கார்த்திகை முழுக்க மிக்சர் கடித்தது தமயந்தியின் வீட்டைத்தான். வீட்டு வேலை செய்துகொண்டிருந்த துளசிமணி நின்றுபோய், பகலெல்லாம் வீட்டில் ஆளில்லாமல் போன நாளிலிருந்து அது சோபாவின் கால்களைக் கடித்துத் துப்பியது; வாசல் நிலையைப் பிறாண்டிச் சிராய் சிராயாக உரித்தது; தரை துடைக்கிற மாப்பின் நூலைப் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பியது. தமயந்திக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளூரக் குளிர்ந்தது. "உங்களப் பிரிஞ்சு அதால இருக்க முடியலீங்க மேடம், ஏக்கம்தான்" என்றார், காசு கொடுத்து வரவழைத்த பயிற்சியாளர். அந்த ஏக்கத்தை அவள் கிளினிக்கில் வாயைத் திறந்து படுத்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பதில் பேச முடியாத நிலையில் அவர்களும் ஆமோதித்தார்கள்.

பயிற்சியாளர் நிறைய வழி சொன்னார். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு எங்கும் போகாமல் சோபாவில் உட்காரச் சொன்னார். கதவுக்கு வெளியே போய் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றுவிட்டு உடனே உள்ளே வரவும், மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்கவும், அப்புறம் தெருமுனை வரை போய்வரவும் சொன்னார். ரப்பர் பொம்மைக்குள் தயிர்சோற்றை அடைத்து உறையவைத்துக் கொடுக்கச் சொன்னார்; உடுத்திக் கழற்றிய நைட்டியை அதன் படுக்கையில் போடச் சொன்னார். முக்கியமாக, "கெளம்பறப்ப அதுகிட்டச் சொல்லிக்காதீங்க. கண்ணப் பாக்காதீங்க, கொஞ்சாதீங்க. நீங்க போறதே அதுக்குத் தெரியக்கூடாது" என்றார். கடித்த சாமானில் பழைய வாசம் தங்கியிருக்கும், அதையெல்லாம் மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னார். அவள் அத்தனையும் செய்தாள். புதுச் சோபா, புது மாப், வாசல் நிலைக்குப் புதுக்கட்டை, வீடு முழுக்க ஃபினாயில். மார்கழி பிறந்து ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தால், வைத்தது வைத்தபடி இருந்தது. மிக்சர் முன்னங்கால்களில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தது. தாடை மட்டும் எதையோ மெல்வதாக அசைந்துகொண்டிருந்தது. தமயந்தி அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதே சாயங்காலம்தான் இரண்டாம் மாடி நாற்காலி.

மயில்தோகைக்காரர்கள் பயப்படவில்லை, சந்தேகப்பட்டார்கள். அது அவர்களுக்குக் கைவந்த கலை. நாற்காலி வீட்டுக்காரர் அன்று ஈரோட்டில் ஆடிட் என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய் வந்திருந்தார். மனைவி நாற்காலியைக் கண்ணால் காட்டி, "இது எதுக்குங்க நம்மூட்டுல மட்டும் வந்து கடிச்சுது?" என்று வெறுமனேதான் கேட்டாள். மனுஷன் அத்தனையும் கக்கிவிட்டார். அவ்வளவுதான், பொய் இருக்கிற வீட்டில்தான் பல் விழும் என்று ஆகிவிட்டது. யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. பொங்கலுக்குள் தொட்டில் குழந்தை தவிர எல்லோரும் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

வாழ்க்கை அதற்கேற்ப ஒழுங்குக்கு வந்தது. டாக்டர் வீட்டில் இல்லாதபோதுதான் கடி விழும் என்பதால், பகலில் எல்லோரும் உண்மை பேசினார்கள், பொய்களைச் சாயங்காலத்துக்கு ஒத்திவைத்தார்கள். தமயந்தியின் ஸ்கூட்டர் கேட்டுக்குள் நுழைந்ததும் பால்கனிக்குப் பால்கனி செல்போன் எழுந்தது. "மாமனாருக்கு ஒடம்பு செரியில்லீங்க, அதான் வர முடியல" என்றது ஒரு பால்கனி. "கெளம்பிட்டங்க, வர்ற வழிலதான் இருக்கறன்" என்றது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டிலேயே இருப்பாள் என்பதால் அன்று முழுக்கச் சகலரும் நிம்மதியாகப் பொய் சொன்னார்கள். கடிபட்ட இடத்தை மறைக்கக் காலண்டர் மாட்டினார்கள். கடிபடாத வீட்டுக்காரர்களும் முன்ஜாக்கிரதையாக மாட்டிக்கொள்ள, முழங்கால் உயரத்தில் காலண்டர் தொங்காத வீடு குறைந்துபோயிற்று. தை மாதத்தில் பெண் பார்க்க வந்த ஒரு பல்லடத்துக் குடும்பம், காபியைக் குடித்துவிட்டுப் பெண்ணைப் பார்க்காமல், குனிந்து காலண்டரைத் தூக்கிப் பார்த்தது. அடியில் சுவர் சுத்தமாக இருந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் எதற்குக் காலண்டர் என்று அதற்குச் சந்தேகம் கூடிப்போய், எழுந்து போய்விட்டது.

எல்லா வீட்டையும் சுற்றி வந்த சந்தேகம் கடைசியில் மூன்றாம் மாடிக்கு வந்து உட்கார்ந்தது. இத்தனை வீட்டில் கடிக்கிற பல், டாக்டர் வீட்டில் ஏன் கடிப்பதில்லை? லிஃப்ட்டில் தமயந்தி ஏறினால் பேச்சு நின்றது. தன் நாய்தான் என்று அவர்கள் சொல்வது அவளுக்கு அபாண்டமாகப் பட்டது. தொழில் தெரிந்தவள் சும்மா இருப்பாளா? எதிர்வீட்டுக்காரி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், சாவி தன்னிடம் இருந்த தைரியத்தில் உள்ளே போய், செருப்பு அலமாரியில் விழுந்திருந்த கடியின் மேல், பல்லுக்கு அச்செடுக்கிற மாவைக் குழைத்து அப்பினாள். மிக்சரின் வாயிலும் அச்செடுத்தாள். இரண்டையும் கிளினிக் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கீழ்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லின் நுனி இரண்டிலும் ஒரே மாதிரி உடைந்திருந்தது. குட்டியாக இருந்தபோது இரும்பு கேட்டைக் கடித்து அது உடைத்துக்கொண்ட பல் அது. தமயந்தி இரண்டு அச்சையும் சுத்தியலால் தூளாக்கிக் குப்பையில் போட்டாள்.

அடுத்த வாரம் அபார்ட்மெண்ட் கூட்டம், கார் நிறுத்துமிடத்தில். செயலாளர் அங்கமுத்து மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் கசிவு இருக்கும் என்று நம்புகிறவர். அவர் மனைவி ரேணுகாதேவி, கார்த்திகை தீபத்துக்கு முன்னால் தன் வெள்ளிக் காமாட்சி விளக்கைப் பறிகொடுத்தவள். மயில்தோகையிலேயே அதிகமாகக் கடிபட்ட வீடு அவர்களுடையதுதான், ஆனால் அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"டாக்டரு, கோவிச்சுக்கக் கூடாது" என்றார் அங்கமுத்து. "அது உங்க நாயோட பல்லா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லிருங்க."

"இல்லீங்க" என்றாள் தமயந்தி.

"உங்க நாய்னு தெரிஞ்சா அது இங்க இருக்கக் கூடாதுங்க. எங்கியாச்சும் கொண்டுபோய் உட்டுப்போட்டு வந்தரோணும். தீர்மானம் போட்டாச்சு."

பெண்களில் சிலர், நாய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், ஆண்கள் பகலிலாவது யோக்கியமாக இருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். தீர்மானத்தில் அது ஏறவில்லை.

மறுநாள் கிளினிக்கில் தமயந்திக்கு வேலை ஓடவில்லை. எல்லோர் முன்னாலும் பச்சைப் பொய் சொல்லியிருக்கிறாள். வீட்டில் பல் விழுந்திருக்கும், விழுந்த கடியை யாராவது பார்த்துவிட்டால் பொய் அம்பலமாகி மிக்சர் போய்விடும். அது போனால் கதவைத் திறக்கும்போது உள்ளே தன்னை எதிர்பார்த்து ஒரு உயிர் இருக்காது. ஓடி வந்து கதவைத் திறந்து டார்ச்சும், வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியுமாகத் தரையோடு தரையாகத் தேடினாள். ஒரு கீறல்கூட இல்லை. மறுநாளும் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், அதற்குப் பதிலாக வேறொரு சந்தேகம் வந்தது. நான்காம் மாடியில் மேஜர் சிவசாமி இருந்தார். பட்டாளத்தில் கேன்டீனில் தோசை சுட்டுவிட்டு வந்து தன்னை மேஜர் என்று சொல்லிக்கொள்கிறவர். பகலிரவு பாராமல் பொய் சொல்கிறவர். அவர் வீட்டிலும் இன்றுவரை பல் விழவில்லை. அப்படியானால் பொய்க்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லை. வேறு எதையோ அது தேடுகிறது.

ஈறு பார்க்கிறேன், இலவசம் என்று சொல்லிக்கொண்டு அவள் வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் காலண்டரைத் தூக்கியும் குனிந்தும் கடிபட்ட இடங்களைப் பார்த்தாள். சோபாவின் கால், அதுவும் பெருக்குகிறவர்கள் பிடித்து நகர்த்துகிற மூலை. குளியலறைக் கதவு, தரை துடைக்கிறவள் குந்தியிருந்து எழும்போது கை ஊன்றுகிற விளிம்பு. விளக்குமாற்றின் பிடி, மாப் வாளியின் வளையம், பாத்திரம் தேய்க்கிற தொட்டியின் ஓரம். மேஜர் தன் வீட்டைத் தானே பெருக்குகிறவர், வேலைக்கு ஆள் வைத்ததே இல்லை. கடிபட்ட வீடுகள் அத்தனையும் ஒரே ஆள் வேலை செய்த வீடுகள். ரேணுகாதேவியின் வீட்டு அம்மிக்குழவியின் மேல் பதிந்திருந்த பல்லைத் தடவிக்கொண்டு குந்தியிருந்தபோது, தமயந்திக்கு எல்லாம் விளங்கியது.

துளசிமணி காலையில் டாக்டர் கிளம்பிய பிறகுதான் வருவாள். எல்லா வீட்டையும் முடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்து, பெருக்கித் துடைத்து, மிக்சருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்து சாப்பிடுவாள், அதற்கும் ஒரு வாய் ஊட்டுவாள், வெயில் தாழ்கிறவரை இருந்துவிட்டு "போயிட்டு வர்றன் சாமி" என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். கார்த்திகைக்கு முன்னால் ரேணுகாதேவி பழனிக்குப் போய்த் திரும்பியபோது விளக்கைக் காணோம். தானே எங்கேயோ பத்திரமாக வைத்ததாக முதல் நாள் சொன்னாள். மறுநாள் அந்தத் 'தானே' காணாமல் போயிற்று. அங்கமுத்து வாட்ச்மேனிடம் இனிமேல் துளசிமணியை உள்ளே விடாதே என்றார். தமயந்திக்குச் சாயங்காலம்தான் தெரியும். பாவம் என்றுதான் நினைத்தாள். நினைத்துவிட்டு, பீரோவைத் திறந்து நகையெல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

ஆக, மிக்சர் ஏங்கியது தமயந்திக்காக அல்ல. பழைய சோபாவிலும் மாப்பிலும் நிலையிலும் துளசிமணியின் கைவாசம் இருந்தவரை அவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறது. தமயந்தியே அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஃபினாயில் ஊற்றிய பிறகு, அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. துளசிமணி போனதாக அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளாமல் யாரும் போக மாட்டார்கள் என்று அது நம்பியது. இந்தக் கட்டடத்துக்குள்தான் எங்கேயோ குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருக்கிறது. தமயந்திக்கு நாய் மேல் கோபம் வந்தது, துளசிமணி மேல் அதைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. அந்தச் சாயங்காலம் மிக்சர் வாலை ஆட்டிக்கொண்டு வந்தபோது, "போதும், நடிக்காத" என்றாள்.

ஆனாலும் நாயைத் தெருவில் விட மனம் வருமா? மறுநாள் மத்தியானம், வாட்ச்மேனிடம் விசாரித்துக்கொண்டு, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போனாள். பின்கட்டில் துளசிமணி அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கை நிற்கவில்லை.

"வாங்க டாக்டரம்மா. இன்னும் என்ன காணாமப் போச்சுங்க?"

"ஒண்ணுமில்ல துளசி. மிக்சருக்காக வந்தேன்."

"செத்துப்போச்சுங்களா?"

"இல்ல. உன்னயத் தேடுது. வீடு வீடாத் தேடுது."

இன்னொருத்தி என்றால் அது எப்படி என்று கேட்டிருப்பாள். துளசிமணி தலையை ஆட்டினாள். "தேடும். நான் அதுகிட்டச் சொல்லிக்காம வந்தவ. அன்னிக்கு கேட்டுல நின்னு கெஞ்சினனுங்க, மேல போயி அதுக்கு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்தர்றன்னு. வெளக்க எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கறா, எடுக்கப் போறாள்னு சிரிச்சாங்க. போ போன்னு கைய ஆட்டுனாங்க." அண்டாவைப் புரட்டிப் போட்டாள். "நீங்க அன்னிக்கு பீரோவத் தொறந்து பாத்தீங்களா?"

அங்கே கடிக்கிற பல் இல்லை. இல்லையென்று சொன்னால் முடிந்துபோகும். தமயந்தியால் சொல்ல முடியவில்லை. "பாத்தேன்" என்றாள்.

"ஏதாச்சும் கொறஞ்சுதுங்களா?"

"இல்ல."

"அப்பறமும் ஒரு ஃபோன் பண்ணலீங்க நீங்க."

துளசிமணி சாம்பலும் புளியுமாக அண்டாவை அழுத்தித் தேய்த்தாள். தமயந்தி மெதுவாகக் கேட்டாள், "ஒரே ஒரு தடவ வந்து, போயிட்டு வர்றன்னு அதுகிட்டச் சொல்லிட்டுப் போயிரு துளசி. அது அடங்கிரும். இல்லீன்னா அதக் கொண்டுபோய் உட்டுருவாங்க."

"நான் திரும்பி வரப்போறதில்லீங்களே. வர்றன்னு பொய்யச் சொல்லி அத இன்னும் ஏமாத்தச் சொல்றீங்களா?" துளசிமணி கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், யோசித்தாள். "செரி, வர்றன். ஆனா திருட்டுத்தனமாப் படியேறி வரமாட்டன். பகல்ல வருவன். வேல செஞ்ச அத்தன வீட்டு வாசல்லயும் நின்னு சொல்லிக்குவன். அவிய வெளிய வந்து, என்ற மூஞ்சியப் பாத்து, போயிட்டு வான்னு சொல்லோணும்."

அது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பக்கத்தில் கிளம்புகிறவரைப் பார்த்துப் 'போ' என்று யாரும் சொல்வதில்லை; கடன்காரன், விரோதி, வந்த காரியம் முடிந்தும் நகராத உறவுக்காரன் எல்லோருக்கும் 'போயிட்டு வாங்க'தான். மறுபடி இந்த வாசலை மிதிக்கலாம், உன் மேல் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். திருடி என்று துரத்தியவளைப் பார்த்து அதைச் சொன்னால், துரத்தியது தப்பு என்று ஆகிவிடும்.

தமயந்தி அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, அது மிக்சரின் பல்தான், தான் சொன்னது பொய் என்றாள். பல் பொய்யைத் தேடவில்லை, ஆளைத் தேடுகிறது என்றும் சொன்னாள். ஆண்களுக்குப் பாதி உயிர் வந்தது. பெண்கள் நம்பவில்லை, டாக்டரை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றாள் நாற்காலி வீட்டுக்காரி. நாயை அன்றைக்கே வெளியேற்றச் சொன்னவர்களும் இருந்தார்கள். அங்கமுத்து, நாய் போனாலும் கடி போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று யோசித்தார், அவருக்கு அதுதான் பெரிய பயம். "ரெண்டு வார்த்ததானுங்க. சொல்லித் தொலைப்போம். அப்பறமும் கடிச்சுதுன்னா, நாய் அன்னிக்கே போகோணும்" என்றார். ரேணுகாதேவி எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் நேரத்தில் துளசிமணி வந்தாள், நல்ல சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு. வாட்ச்மேன் எழுந்து நின்றான். தமயந்தி மிக்சரை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுக் கீழே வந்து அவளோடு நடந்தாள். முதல் வீட்டில், "கெளம்பறனுங்க" என்றாள் துளசிமணி. வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு "போயிட்டு வா" என்றார். "மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். பார்த்துச் சொன்னார். அடுத்த வீட்டில் சொல்லும்போதே அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலி வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, யார் நிஜமாகச் சொன்னது என்று ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். இப்படியே ஊர்வலம் சேர்ந்துகொண்டு ரேணுகாதேவியின் வாசலுக்கு வந்தது.

ரேணுகாதேவி கதவைப் பாதி திறந்து வைத்து நின்றாள். "கெளம்பறனுங்கம்மா" என்றாள் துளசிமணி.

"போ" என்றாள் ரேணுகாதேவி. எல்லோரும் காத்திருந்தார்கள். "போயிட்டு..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "என்ற வெளக்கு வராம எப்படிச் சொல்றதுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து.

அப்போது உள்ளே சமையலறையில் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. யாரும் அலறவில்லை, இத்தனை மாதத்தில் அதெல்லாம் பழகிப்போயிருந்தது. போய்ப் பார்த்தார்கள். பழைய அரிசி போட்டு வைக்கிற பெரிய டிரம்மின் வயிற்றில் நான்கு பல் ஆழமாக இறங்கியிருந்தது, அந்த வழியாக அரிசி கொட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் வேப்பிலை கலந்து அந்த அரிசியைப் புடைத்துப் போட்டு வைத்தவள் துளசிமணி. அரிசி கொட்டக் கொட்ட உள்மட்டம் இறங்கி, வெள்ளிக் காமாட்சி தலையை நீட்டினாள். வெளியூர் போகும்போது வெள்ளியை அரிசிக்குள் புதைத்துவிட்டுப் போவது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பீரோவை உடைக்கிறவன் அரிசியில் கை விட மாட்டான் என்று கணக்கு. அங்கமுத்து வாயைப் பிளந்து நின்றார். தமயந்தி ரேணுகாதேவியின் முகத்தில் ஆச்சரியத்தைத் தேடினாள். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

விளக்கைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. துளசிமணியும் அதைத் தொடவில்லை. சிந்திய அரிசியைப் பார்த்தாள், பழக்கதோஷத்தில் கை விளக்குமாற்றைத் தேடியது, இழுத்துக்கொண்டாள். "போயிட்டு வா துளசி" என்றாள் ரேணுகாதேவி, இப்போது தெளிவாக. "வாம்மா. நாளைக்கே வா."

துளசிமணி மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

தமயந்தி கதவைத் திறந்தாள். மிக்சர் ஓடி வரவில்லை. எழுந்து நின்று, நம்பிக்கையில்லாமல் மோந்து பார்த்து, மெதுவாக நடந்து வந்து துளசிமணியின் சேலைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. துளசிமணி குந்தி உட்கார்ந்து அதன் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போறன் சாமி" என்றாள்.

படியில் நின்றவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாகப்போகிறவர்கள்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒருத்தி அபசகுனம் கழியச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டாள். துளசிமணி யாரையும் பார்க்கவில்லை. "வரமாட்டன். தேடாத. இவிய உன்னப் பாத்துக்குவாங்க" என்று தமயந்தியைக் காட்டினாள். மிக்சர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் அவள் கையை ஒருமுறை நக்கிவிட்டு, திரும்பிப் போய்த் தன் படுக்கையில் படுத்துக்கொண்டது.

"போயிட்டு வா துளசி" என்றாள் தமயந்தி வாசலில்.

துளசிமணி லேசாகச் சிரித்தாள். "நீங்க போறப்ப அதுகிட்டச் சொல்லிட்டுப் போங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதோடு கடி நின்றது. மயில்தோகைக்காரர்கள் பகலிலும் பொய் சொல்லத் தொடங்கினார்கள். துளசிமணியைத் தாங்கள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன முதல் பொய். காலண்டர்கள் பழைய உயரத்துக்கு ஏறின. பல்லடத்துக் குடும்பம் மறுபடி வந்து, இந்தத் தடவை பெண்ணைப் பார்த்தது.

தமயந்தி தினமும் கிளம்பும்போது மிக்சரின் கண்ணைப் பார்த்து, "போயிட்டு வர்றன்" என்றாள். அது வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். ஊரில் நாய் வளர்க்கிறவர்கள் எதற்குத் தவம் கிடக்கிறார்களோ அது அவளுக்குக் கிடைத்திருந்தது, அவளுக்குத்தான் அது போதவில்லை. தன்னைத் தேடுகிறதா, இல்லை சோறு போடுகிறவள் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறதா? விடை தெரியாமல், டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியிலும் கதவிடுக்கிலும் தேடுவாள். ஒரே ஒரு பல்தடம், அழுத்திக்கூட வேண்டாம், மேலாக இருந்தால்கூடப் போதும். மிக்சர் படுத்தபடி அவள் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பங்குனியில் ஒரு நாள். கடைவாய்ப் பல் வலி தாங்காமல் ஒருவர் விடியும்போதே கிளினிக் வாசலில் வந்து நின்றிருப்பதாக ஃபோன் வர, தமயந்தி தலையைக்கூட வாராமல் ஓடினாள். ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருந்து, பஞ்சை அடைத்து, பல் பிடுங்குகிற குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தன் நாற்காலியை இழுத்தபோது கையில் ஈரம் பட்டது. அவள் எப்போதும் இடது கையை ஊன்றிக்கொள்கிற கைப்பிடியில், கருப்பு ரெக்சினைக் கிழித்துக்கொண்டு, பற்கள் பதிந்திருந்தன. கீழ்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லின் நுனி உடைந்திருந்தது.

தமயந்தி அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்து வழிந்தது. வாயைத் திறந்து படுத்திருந்தவர், தன் பல்லின் நிலைமை அவ்வளவு மோசமா என்று மிரண்டு பார்த்தார்.

"அப்படியே இருங்க, வாய மூடாதீங்க" என்றாள் அவள், குறட்டைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே. "காலைல ஒருத்தர்கிட்டச் சொல்லிக்காம வந்துட்டேன். சொல்லிட்டு வந்தர்றன்."